பிழை நோட்டு கையில் வந்தால்: சந்தேகங்களும் விளக்கங்களும்

வங்கியில் வாங்கிய சலவை நோட்டுக் கட்டில் ஒன்று மட்டும் கோணலாக வெட்டுப்பட்டிருக்கிறது. ஏடிஎம்மில் வந்த ஐந்நூறு ரூபாயில் ஒரு பக்கத்து எண்ணைக் காணோம். இப்படி ஒரு நோட்டு கைக்கு வந்ததும் சிலருக்குக் கள்ள நோட்டோ என்ற பயம், சிலருக்கு லட்சக்கணக்கில் போகுமாமே என்ற ஆசை. பயந்தவர் அதைப் பெட்ரோல் பங்கில் கொடுத்து மாற்றிவிடுகிறார். ஆசைப்பட்டவர் வீடியோவில் பார்த்த எண்ணுக்குப் போன் செய்து, கையில் இருந்த பணத்தையும் இழக்கிறார். இரண்டுமே நடக்க வேண்டியதில்லை. நோட்டு எப்படி அச்சாகிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால், கையில் இருப்பது என்ன என்று பெரும்பாலும் நீங்களே சொல்லிவிடலாம்.

எதைப் பிழை நோட்டு என்கிறார்கள்? கிழிந்தது, சாயம் போனது, மை கொட்டியது எல்லாம் இதில் சேருமா?

சேராது. அச்சகத்துக்குள் நடந்த தவறுதான் பிழை. வெளியே வந்த பிறகு நடந்தது எல்லாம் சேதம். சட்டைப் பையோடு துவைத்த நோட்டு, டீ சிந்திய நோட்டு, கிழிந்த நோட்டு ஆகியவற்றுக்கு ரிசர்வ் வங்கியின் 2009-ஆம் ஆண்டு நோட்டுத் திரும்பப் பெறும் விதிகள் இருக்கின்றன. வங்கியில் கொடுத்து, விதிப்படி கிடைக்கும் மதிப்பை வாங்கிக்கொள்ளலாம். இரண்டு வேறு நோட்டுகளின் பாதிகளை ஒட்டியதையும் அந்த விதிகள் தனியாகக் குறிப்பிடுகின்றன. 'இரண்டு பக்கமும் வேறு வேறு எண்' என்று கொண்டுவரப்படும் நோட்டுகளில் சில இந்த வகைதான். நடுவில் ஒட்டு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

சேகரிப்பாளர்கள் 'எரர் நோட்டு' என்று தேடுவது, தாள் ஆலையிலோ அச்சு இயந்திரத்திலோ வெட்டும் இடத்திலோ வழுக்கி, சோதனையில் சிக்காமல் வெளியே வந்துவிட்ட நோட்டை மட்டும்தான்.

இவ்வளவு பாதுகாப்போடு அச்சடிக்கும் நோட்டில் பிழை எப்படி வருகிறது?

இந்திய நோட்டுகள் நான்கு இடங்களில் அச்சாகின்றன. நாசிக், தேவாஸ் அச்சகங்கள் மத்திய அரசு நிறுவனத்தின் கீழ் வருபவை. மைசூரு, சால்போனி அச்சகங்கள் ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனத்துக்கு உரியவை. நாசிக்கில் 1928 முதல் நோட்டு அடிக்கிறார்கள். அண்மை ஆண்டுகளில் ஓர் ஆண்டுக்கு 2,000 கோடிக்கு மேற்பட்ட நோட்டுகள் இந்த அச்சகங்களிலிருந்து ரிசர்வ் வங்கிக்குப் போகின்றன. அத்தனை கோடியில் சில வழுக்கி வருவது வியப்பில்லை. இவ்வளவு குறைவாக வழுக்குவதுதான் வியப்பு.

நோட்டு ஒவ்வொன்றாக அச்சாவதில்லை. பல நோட்டுகள் வரிசை வரிசையாக அடங்கிய பெரிய தாளில் அச்சாகிறது. தாள் பருத்தி நாரால் ஆனது. நீர்க்குறியும் பாதுகாப்பு இழையும் காகித ஆலையிலேயே தாளுக்குள் அமைந்துவிடுகின்றன. அச்சகத்துக்கு வந்ததும் முதலில் ஆஃப்செட் இயந்திரம் பின்னணி வண்ணங்களைப் பதிக்கிறது. அடுத்தது இன்டாக்லியோ. செதுக்கிய தகட்டின் பள்ளத்தில் மை நிரப்பி, பெரும் அழுத்தத்தில் தாளை அதன்மேல் அழுத்தி எடுக்கும் முறை இது. நூறு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டுகளில் காந்தி படத்தையும் அசோகச் சின்னத்தையும் விரலால் தடவினால் மேடு தட்டுப்படுவது இதனால்தான். அதன் பிறகு எண் போடும் இயந்திரம். கடைசியில் வெட்டி, நூறு நூறாகக் கட்டுகிறார்கள்.

இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நோட்டுப் பிழை ஒவ்வொன்றும் இதில் ஏதோ ஓர் இடத்துக்குச் சொந்தமானது.

ஆஃப்செட் இயந்திரத்துக்குள் ஒரு தாள் வராமல் போனால், அந்தச் சுற்றின் மை எதிர் உருளையில் ஒட்டிக்கொள்ளும். அடுத்து வரும் தாளின் மறுபக்கத்தில் அது கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிப் பதியும். தாளுக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு துண்டுக் காகிதம் மாட்டினால், மை அந்தத் துண்டின்மேல் விழுந்து, நோட்டில் அதே வடிவத்தில் வெள்ளை இடம் நிற்கும். தாளில் சுருக்கம் விழுந்திருந்தால், சுருக்கத்தை நீவிவிட்டதும் படத்தின் குறுக்கே அச்சில்லாத வெள்ளைப் பட்டை தெரியும். எண் போடும் கருவியில் இலக்கத்துக்கு ஒரு சக்கரம் உண்டு. ஒரு சக்கரம் சிக்கிக்கொண்டால் இடப்பக்கம் ஓர் எண்ணும் வலப்பக்கம் வேறோர் எண்ணும் விழும். வெட்டும் இடத்தில் தாள் நகர்ந்தால், ஒரு நோட்டின் ஓரத்தில் பக்கத்து நோட்டின் விளிம்பும் சேர்ந்து வரும்.

இந்த இடங்களில் ஒன்றையும் காட்ட முடியாத 'பிழை' எதுவாக இருந்தாலும் எனக்கு அதன்மேல் சந்தேகம்தான்.

காந்தி படமே இல்லாத நோட்டு வந்ததாகச் செய்தி படித்தோம். உண்மையா?

உண்மை. 2017 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் ஷியோபூர் மாவட்டத்தில் விவசாயிகள் சிலருக்கு வங்கிக் கிளையில் காந்தி படம் இல்லாத 2,000 ரூபாய் நோட்டுகள் கிடைத்தன. கள்ள நோட்டு என்று அவர்கள் பதறிப்போனார்கள். அச்சுப் பிழை என்று வங்கி சொல்லி மாற்றிக் கொடுத்தது. பணமதிப்பு நீக்கத்துக்குப் பிறகு அச்சகங்கள் இரவும் பகலும் ஓடிய காலம் அது. 2016 நவம்பரிலேயே புதிய 500 ரூபாயில் காந்தி முகத்துக்கு இரட்டை நிழல், எல்லைக் கோடு விலகல் என்று புகார்கள் எழுந்தன. அவசரத்தில் சில பிழை நோட்டுகள் வெளியே வந்திருக்கலாம், தயங்காமல் வாங்கலாம், அல்லது ரிசர்வ் வங்கியிடம் திருப்பித் தரலாம் என்று அப்போது ரிசர்வ் வங்கித் தரப்பில் விளக்கம் வந்தது.

காந்தி படம் இன்டாக்லியோவில் தனியாக ஏறுகிறது என்று பார்த்தோம். அந்த இயந்திரத்தைத் தாள் தாண்டிப் போய்விட்டால் படம் விழாது. அதே இயந்திரம் அடிக்கும் மற்றவையும், உதாரணமாக அசோகச் சின்னம், கூடவே விழாமல் போகும். காந்தி மட்டும் காணாமல், சின்னம் மேடாகத் தட்டுப்படும் நோட்டை ஒருவர் நீட்டினால் இரண்டு காரணம் இருக்கலாம். காகிதத் துண்டு மறைத்திருந்தால், வெள்ளை இடத்தின் ஓரம் கத்தியால் கீறியதுபோல் தெளிவாக நிற்கும். ஓரம் மங்கி மங்கித் தேய்ந்திருந்தால் யாரோ அழித்திருக்கிறார்கள்.

'பட்டர்ஃபிளை' என்று ஒரு வகை சொல்கிறார்களே, அது என்ன?

சேகரிப்பாளர்கள் ஆசையோடு தேடும் வகை. பெரிய தாளின் மூலை மடங்கிய நிலையிலேயே வெட்டும் கத்திக்குக் கீழே போய்விடுகிறது. மடிப்புக்குள் இருந்த பகுதி வெட்டுக்குத் தப்பிவிடும். வெளியே வந்த பிறகு மடிப்பைப் பிரித்தால், நோட்டின் மூலையில் முக்கோணமாக ஒரு துண்டு சிறகுபோல் விரியும். அதில் தாளின் வெள்ளை ஓரமோ, அச்சகத்தின் சீரமைப்புக் கோடுகளோ, சில நேரம் பக்கத்து நோட்டின் ஒரு துணுக்கோ இருக்கும்.

அச்சுக்கு முன்பே மடங்கியதா, பிறகு மடங்கியதா என்பதையும் படித்துவிடலாம். முன்பே மடங்கியிருந்தால், சிறகைப் பிரித்ததும் படத்தில் ஒரு பகுதி விடுபட்டு, அந்த விடுபட்ட பகுதி சிறகின் பின்புறம் அச்சாகியிருக்கும். மடித்துப் பார்த்தால் இரண்டும் கச்சிதமாகப் பொருந்தும். இந்தப் பொருத்தத்தைப் போலியாகச் செய்வது மிகக் கடினம். நான் பார்த்த ஒரு பத்து ரூபாய் நோட்டில் சிறகு ஒரு கட்டைவிரல் அகலம்தான். ஆனால் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் நோட்டில் இல்லாமல் சிறகின் பின்னால் இருந்தன. மடித்ததும் எண் முழுமையாகச் சேர்ந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் நோட்டிலிருந்து சிறகு வரை தாள் ஒட்டுப்போடாமல் ஒரே நாராகப் போவது தெரிந்தது. இந்த இரண்டையும் பார்த்துவிட்டால் வேறு சான்று அதிகம் தேவைப்படாது.

எண்ணுக்கு நடுவில் நட்சத்திரம் இருக்கிறது. பிழையா, கள்ள நோட்டா?

இரண்டும் இல்லை. ஆனால் பிழையோடு உறவுள்ளது. அச்சடித்த நூறு நோட்டில் ஒன்று கெட்டுவிட்டால், அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைக்கும் மாற்று நோட்டுதான் நட்சத்திர நோட்டு. முன்னெழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவில் நட்சத்திரக் குறி இருக்கும். 2006-இல் 10, 20, 50 ரூபாயில் இது தொடங்கியது. 2016 டிசம்பரில் புதிய 500 ரூபாய்க்கும் வந்தது. கெட்டது அச்சகத்திலேயே பிடிபட்டு அழிக்கப்பட்டதற்கு இந்த நட்சத்திரம் சாட்சி. 2023 ஜூலையில் இது கள்ள நோட்டு என்று வாட்ஸ்ஆப்பில் வதந்தி பரவியபோது, மற்ற நோட்டைப் போலவே இதுவும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி அறிக்கை கொடுத்தது. வதந்தியை நம்பிக் கடைக்காரர்கள் வாங்க மறுத்ததால் கஷ்டப்பட்டவர்கள் அன்றாடக் கூலிக்காரர்கள்தான். அதனால் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு ரூபாய் நோட்டில் கவர்னர் கையெழுத்து இல்லை. எண்கள் சிறிதாகத் தொடங்கிப் பெரிதாகின்றன. பழைய நோட்டில் ஆண்டே இல்லை. இவையெல்லாம் பிழையா?

மூன்றும் இல்லை. ஒரு ரூபாய் நோட்டை வெளியிடுவது மத்திய அரசு. அதில் நிதித்துறைச் செயலர் கையெழுத்திடுவார். இடமிருந்து வலமாக வளரும் எண்கள் 2015-இல் புகுத்தப்பட்ட பாதுகாப்பு அம்சம். நோட்டின் பின்புறம் அச்சடித்த ஆண்டைப் போடுவது 2005-இல்தான் வந்தது. எண் பகுதியில் சில நோட்டுகளில் ஆங்கில எழுத்து ஒன்று இருக்கும், சிலவற்றில் இருக்காது. அதுவும் இயல்புதான்.

786 என்று முடியும் நோட்டுக்கு மூன்று லட்சம் தருகிறார்களாமே?

அது பிழை நோட்டு அல்ல, விருப்ப எண் நோட்டு. 786, 000001, 777777, பிறந்த தேதி என்று தேடுபவர்கள் இருக்கிறார்கள். இதில் ஓரளவு அரிதானது, ஒரு முன்னெழுத்து வரிசையின் கடைசியில் ஏழு இலக்கமாக வரும் 1000000. மற்றபடி 786 என்று முடியும் நோட்டு ஒவ்வோர் ஆயிரத்துக்கும் ஒன்று உண்டு. நாட்டில் எத்தனை கோடி இருக்கும் என்று நீங்களே கணக்குப் போடலாம். டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் பெரிய விலைக்குப் போகும் என்ற பேச்சுக்கும் இதே பதில்தான்.

பிழை நோட்டு செல்லுமா? வங்கியில் மாற்றித் தருவார்களா?

அச்சகத்திலிருந்து முறையாக வெளிவந்த நோட்டு, பிழை இருந்தாலும் அதன் மதிப்புக்குச் செல்லும். ஆனால் பெட்டிக் கடையில் எண் இல்லாத நோட்டை நீட்டி வாக்குவாதம் செய்வதில் பயனில்லை. அவருக்கும் பயம் இருக்கும். வங்கிக் கிளையில் கொடுத்து மாற்றிக்கொள்வதே நேர்வழி. எண் அறவே இல்லாத, படம் பெரும்பகுதி விழாத நோட்டுகளை வங்கி சரிபார்ப்புக்கு எடுத்துக்கொள்ளலாம். கொடுத்துவிட்டால் அது உங்களுக்குத் திரும்பக் கிடைக்காது. எனவே மாற்றுவதா, வைத்துக்கொள்வதா என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுப் போங்கள்.

புதுக் கட்டில் பிழை நோட்டு கிடைத்திருந்தால் ஒரு காரியம் மறக்காமல் செய்யுங்கள். அதற்கு முந்தைய எண் நோட்டையும் பிந்தைய எண் நோட்டையும் சேர்த்து எடுத்து வையுங்கள். கட்டின் மேல் சுற்றியிருக்கும் காகிதப் பட்டையையும் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் யாராவது 'நீயே செய்தாயோ' என்று கேட்டால், இவற்றைவிட நல்ல பதில் கிடையாது.

வாங்கப்போகும் நோட்டு உண்மையான பிழையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதில்தான் ஏமாறுகிறவர்கள் அதிகம். ஆகவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நல்ல நோட்டைக் கெடுத்துப் பிழை நோட்டாக்குவது நடக்கிறது. ரசாயனத்தால் எண்ணை எடுப்பார்கள். ரப்பரால் படத்தைத் தேய்ப்பார்கள். ஓரத்தைச் சீவிவிட்டு வெட்டுப் பிழை என்பார்கள். இன்னொரு நோட்டின் துண்டைச் சிறகாக ஒட்டுவார்கள். இவற்றைப் பிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு லூப், ஒரு புற ஊதா விளக்கு, ஓர் அளவுகோல் போதும்.

லூப்பில் பார்க்கும்போது மை இல்லாத இடத்தின் தாளைப் பாருங்கள். மை விழாத இடத்தில் பருத்தி நார் வழவழப்பாகப் படிந்திருக்கும். தேய்த்து அழித்த இடத்தில் நார் குத்திட்டுப் பஞ்சுபோல் நிற்கும். இன்டாக்லியோ மையைச் சுரண்டி எடுத்தாலும் தாளில் ஏற்பட்ட புடைப்பு அப்படியே இருக்கும். நோட்டைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்தால் இல்லாத படத்தின் நிழல் தெரிந்துவிடும்.

புற ஊதா விளக்கில் நல்ல தாள் ஒளிராது. அங்கங்கே இழைத் துணுக்குகளும் எண்களும் மின்னும். எண் இல்லாத நோட்டில் எண் இருக்க வேண்டிய இடம் மங்கலாகக் கறைபோல் ஒளிர்ந்தால், அங்கே எண் இருந்து எடுக்கப்பட்டிருக்கிறது. தாள் முழுவதும் நீலமாகப் பளிச்சிட்டால் ஏதோ ரசாயனத்தில் முக்கியிருக்கிறார்கள், அல்லது தாளே வேறு. அளவுகோல், வெட்டுப் பிழைக்கு. உண்மையான வெட்டு விலகலில் ஒரு பக்கம் குறைந்தால் எதிர்ப் பக்கம் கூடியிருக்கும். இரண்டு பக்கமும் குறைந்திருந்தால் அது கத்தரிக்கோல் வேலை.

பிழையை அச்சு வரிசையோடு சேர்த்துப் படிப்பதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் அமெரிக்காவின் 20 டாலர் நோட்டு ஒன்று. 2004-இல் ஒஹையோவில் ஒரு கல்லூரி மாணவர் கையில் வந்தது. நோட்டின் முகப்பில் டெல் மான்டே வாழைப்பழ ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. யாரோ வீட்டில் ஒட்டியது என்று ஏன் யாரும் ஒதுக்கவில்லை? ஸ்டிக்கருக்கு அடியில் நோட்டின் படம் இருக்கிறது. ஆனால் கருவூல முத்திரையும் வரிசை எண்ணும் ஸ்டிக்கருக்கு மேலே அச்சாகியிருக்கின்றன. படம் அச்சான பிறகு, எண் போடும் முன்பு, அச்சகத்துக்குள்தான் அது ஒட்டப்பட்டிருக்க முடியும். 2006-இல் 25,300 டாலருக்குப் போன அந்த நோட்டு, 2021 ஜனவரி ஏலத்தில் 3,96,000 டாலருக்கு விற்றது.

அப்படியானால் நம் நோட்டும் பெரிய விலைக்குப் போகுமா?

பெரும்பாலும் போகாது. இதை வருத்தத்தோடு சொல்லவில்லை. தெரிந்துகொண்டால் ஏமாற்றம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒரு மில்லிமீட்டர் விலகல், சிறு மைத் தீற்றல், லேசான நிற வேறுபாடு ஆகியவற்றுக்கு முகமதிப்புக்கு மேல் யாரும் தருவதில்லை. பார்த்தவுடன் பளிச்சென்று தெரிய வேண்டும். காரணம் இயந்திரத்தில் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். நோட்டு மடிப்பில்லாத சலவை நோட்டாக இருந்தால் விலை கூடும். இந்த மூன்றும் சேர்ந்த நோட்டுக்குத்தான் ஏலத்தில் கை உயரும். எல்லா நோட்டிலும் உள்ள பிழைக்கு மதிப்பில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். ஆஸ்திரேலியாவில் 2018-இல் வெளியான 50 டாலர் நோட்டில் ஒரு சொல்லில் ஓர் எழுத்து விடுபட்டுப்போனது. அடுத்த ஆண்டுதான் அது வெளியே தெரிந்தது. அதற்குள் சுமார் 4 கோடியே 60 லட்சம் நோட்டுகள் புழக்கத்துக்கு வந்துவிட்டன. நாடே சிரித்தது, ஆனால் அந்த நோட்டு 50 டாலருக்குத்தான் செல்கிறது.

இணையத்தில் 'இந்த நோட்டு ஐந்து லட்சம்' என்று போட்டிருப்பது கேட்கும் விலை. கேட்பதற்குக் காசில்லை. நடந்து முடிந்த ஏலங்களில் அதே மாதிரி நோட்டு என்ன விலைக்குக் கைமாறியது என்று பாருங்கள். நாணய ஏல நிறுவனங்கள் அந்தப் பட்டியலை வெளியிடுகின்றன. விலையுள்ள நோட்டு என்று உறுதியானால் 70 புள்ளி அளவில் தரம் பிரித்து, உறையிட்டுத் தரும் நிறுவனங்களுக்கு அனுப்பலாம். ஆனால் அதற்குக் கட்டணம் உண்டு. நூறு ரூபாய்ப் பெறுமதியுள்ள நோட்டுக்கு அது வீண் செலவு.

'உங்கள் நோட்டை வாங்கிக்கொள்கிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள்' என்கிறார்கள். ரிசர்வ் வங்கி கடிதமும் அனுப்பினார்கள்.

கட்டாதீர்கள். ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

இந்த மோசடி எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. போட்டோ அனுப்பச் சொல்வார்கள். பார்த்ததும் பதினைந்து லட்சம் என்பார்கள். பதிவுக் கட்டணம் என்று ஆயிரம் சொச்சம் கேட்பார்கள். கட்டியதும் ஜிஎஸ்டி, பிறகு தடையில்லாச் சான்று, பிறகு பணத்தோடு வரும் வண்டிக்குக் காப்பீடு என்று தொகை ஏறிக்கொண்டே போகும். நடுநடுவே முத்திரை போட்ட கடிதம், அடையாள அட்டை, நோட்டுக் கட்டுகள் அடுக்கிய வீடியோ எல்லாம் வரும். ஓய்வூதியத்தில் வாழ்கிறவர்களும், மகள் கல்யாணத்துக்குச் சேர்த்து வைத்தவர்களும் இதில் விழுகிறார்கள் என்பதுதான் நெஞ்சைச் சுடுகிறது.

2021 ஆகஸ்ட் 4 அன்று ரிசர்வ் வங்கி இதைப் பற்றியே எச்சரிக்கை வெளியிட்டது. பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்கும் வேலையில் அது ஈடுபடுவதில்லை. யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை. தன் பெயரில் வசூலிக்க எந்த நிறுவனத்துக்கும் நபருக்கும் அனுமதி தரவில்லை. நோட்டு வாங்குகிறவர் உங்களுக்குப் பணம் தர வேண்டும், நீங்கள் அவருக்குத் தர வேண்டியதில்லை. ஏற்கெனவே கட்டியிருந்தால் தயங்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். நேரம் கடக்கக் கடக்கப் பணத்தை முடக்கி மீட்பது கடினம். வெட்கப்பட்டு வீட்டில் சொல்லாமல் இருப்பதுதான் மோசடிக்காரர்களுக்கு வசதி.

செல்லாமல் போன பழைய 500, 1,000 ரூபாய் பிழை நோட்டுகளை வைத்திருக்கலாமா?

அளவோடு வைத்திருக்கலாம். 2017-இல் வந்த சட்டப்படி, செல்லாதென அறிவிக்கப்பட்ட அந்த நோட்டுகளை மொத்தம் 10 வரை ஒருவர் வைத்திருக்கலாம். படிப்பு, ஆராய்ச்சி, நாணயவியல் நோக்கத்துக்கு 25 வரை அனுமதி. அதை மீறினால் 10,000 ரூபாய் அல்லது முகமதிப்பைப் போல் ஐந்து மடங்கு, இரண்டில் எது அதிகமோ அதுவரை அபராதம் விதிக்கலாம். 2016 தொடக்கத்தில் பாதுகாப்பு இழை இல்லாத 1,000 ரூபாய் நோட்டுகள் நாசிக்கில் அச்சாகிவிட்டதாகப் பெரிய செய்தி வந்தது நினைவிருக்கும். அப்படிப்பட்டதைத் தேடி வாங்குகிறவர்களும் இந்த எண்ணிக்கைக்குள்தான் இருக்க வேண்டும். 2,000 ரூபாய் வேறு கதை. 2023 மே மாதம் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தாலும், செல்லாதென அறிவிக்கப்படவில்லை.

அச்சகத்திலிருந்தே கிடைத்தது என்று வெட்டாத தாள் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

தொடாதீர்கள். அமெரிக்காவில் அரசு அச்சகமே வெட்டாத டாலர் தாள்களைச் சேகரிப்பாளர்களுக்கு விற்கிறது. இங்கே அப்படி விற்பனை இல்லை. அப்படியானால் அது போலி, அல்லது திருட்டு. 2018 ஜனவரியில் தேவாஸ் அச்சகத்தில், சோதனையில் கழிக்கப்பட்ட நோட்டுகளை ஒளித்து எடுத்துப் போன அதிகாரி ஒருவர் கைதானார். பிழை நோட்டு என்பது தவறி வெளியே வந்ததாக இருக்க வேண்டும், திருடி வெளியே வந்ததாக இருக்கக் கூடாது. நல்ல நோட்டைக் கெடுத்துப் பிழை என்று விற்பதும் ஏமாற்றுக் குற்றம். வாங்கும்போது விற்றவரின் பெயர், தேதி, தொகையுள்ள ரசீது கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் எப்படிப் பாதுகாப்பது?

லேமினேஷன் செய்யாதீர்கள், அதோடு மதிப்பு போய்விடும். செல்லோடேப், ஸ்டேப்ளர் பின், ரப்பர் பேண்டு, இஸ்திரிப் பெட்டி எதுவும் கூடாது. அழுக்கு என்று கழுவவும் கூடாது. பிவிசி உறை நாளடைவில் பிசுபிசுத்து மையை இழுக்கும். பாலியெஸ்டர் உறை வாங்குங்கள். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் ஈரப்பதம் பெரிய எதிரி. வெளிச்சுவரை ஒட்டிய பீரோவில் வைக்காமல், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பெட்டியில் வைத்து, மழைக்காலத்தில் பொட்டலத்தை மாற்றுங்கள். பூஜை அறையில் மஞ்சள் குங்குமம் தடவி வைத்த நோட்டுகளைச் சிலர் கொண்டுவருகிறார்கள். அவர்கள் பக்தியை மதிக்கிறேன், ஆனால் அந்தக் கறை போகாது. பிழை நோட்டைத் தனியாக வைத்துவிட்டு வேறொன்றைப் பூஜைக்கு வையுங்கள்.

பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு ஆர்வம். எங்கே தொடங்கலாம்?

காசு செலவழிக்காமல் தொடங்கலாம். வீட்டுக்கு வரும் ஒவ்வொரு நோட்டையும் செலவுக்கு முன் ஒரு நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள். எண் இரண்டும் ஒன்றா, நான்கு ஓரமும் சமமா, பின்புற மொழிப் பட்டியலில் பதினைந்து மொழியும் சரியாக விழுந்திருக்கின்றனவா என்று பார்க்கலாம். சரியான நோட்டை நூறு முறை பார்த்த கண்ணுக்குத்தான் தவறான நோட்டு தட்டுப்படும். ஊர்களில் நடக்கும் நாணயக் கண்காட்சிகளுக்கு அழைத்துப் போங்கள். மூத்த சேகரிப்பாளர்கள் லூப்பைக் கையில் கொடுத்துச் சொல்லித்தருவார்கள். முதல் கண்காட்சியில் எதையும் வாங்க வேண்டாம், பார்த்துவிட்டு வந்தால் போதும்.

மும்பை போகும் வாய்ப்பு கிடைத்தால், 2004-இல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் திறந்துவைத்த ரிசர்வ் வங்கியின் பண அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம். பெங்களூருவில் ரெஸ்வான் ரசாக் 2020-இல் திறந்த இந்தியக் காகிதப் பண அருங்காட்சியகம் நமக்கு இன்னும் அருகில். நோட்டுகளுக்காகவே அமைந்த இடம் என்பதால், ஆங்கிலேயர் காலத்திலிருந்து நோட்டின் வடிவமும் அச்சும் எப்படி மாறி வந்தன என்பதைப் பிள்ளை ஒரே நாளில் பார்த்துவிடும். போகும் முன் திறந்திருக்கும் நாளை விசாரித்துக்கொள்ளுங்கள்.